மட்ட தேரென்னே நே: அன்றாடச் சிங்களம், முதற் பாடம்

இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களில் காணி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மிதிவெடி அபாயம் ஆகியவை பற்றி வாசித்திருப்பீர்கள். இது ஒரு மொழிப் பாடம். இதற்குப் பரீட்சை கிடையாது. ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில், சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவரின் முன்னால் நிற்க நேர்ந்தால் சொல்ல வேண்டிய சில சொற்களும் வசனங்களும் இதில் உள்ளன. சிங்களம் அறவே தெரியாதவர்களுக்காகவே எழுதியிருக்கிறோம். ஓரளவு தெரிந்தவர்கள் கடைசிப் பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் வசனத்தை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மட்ட தேரென்னே நே.

'எனக்கு விளங்கவில்லை' என்பது இதன் பொருள். மொழிப் பாடங்கள் வழக்கமாக வணக்கத்தில் தொடங்கும். நாங்கள் இதில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாகாணத்துக்கு வெளியே இருந்த ஒரு பெரிய வைத்தியசாலையில் என் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் தாதி ஒருவர் மூன்று விதமான குளிசைகளையும் எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் 'ஹரி, ஹரி' என்று தலையாட்டினார். அம்மாவுக்கு இவ்வளவு சிங்களம் தெரியுமா என்று நான் வியந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவருக்கு 'ஹரி' என்ற ஒரு சொல் மட்டுமே தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. 'சரி' என்பதுதான் அது. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின்னும், பின் போட வேண்டியதை வெறும் வயிற்றிலும் போட்டு, வயிற்றெரிவோடு பத்து நாள் கிடந்தார். தாதியைக் குறை சொல்ல முடியாது. விளங்கியது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் 'சரி' என்பது மிக இலேசாக வந்துவிடும். மரியாதைக்காகச் சொல்வோம், வெட்கத்தில் சொல்வோம், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்களே என்று சொல்வோம். எதிரில் இருப்பவருக்கு அது சம்மதம். ஆகவே 'ஹரி' என்ற சொல்லைப் படிப்பதற்கு முன் 'மட்ட தேரென்னே நே' நாக்கில் ஏறியிருக்க வேண்டும்.

நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி இது. "அவர்கள் அல்லவா எங்களோடு தமிழில் கதைக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அந்த நிலைமை இன்று சட்டத்தில் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்துக்குப் பின்னர், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். இம்மாகாணங்களுக்கு வெளியே போனாலும், ஓர் அரச அலுவலருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் நாலு சொல் சிங்களம் பேசியதால் இந்த உரிமை குறைந்துவிடாது. "உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே, இதில் கையொப்பம் வையுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அதை ஏற்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் தமிழ் தெரிந்த அலுவலர் லீவில் போன நாளில், தமிழில் தாருங்கள் என்று கேட்பதற்கே ஒரு வாய்ச்சொல் வேண்டும். இந்தப் பாடம் முக்கியமாக அதற்குத்தான்.

ஒலி பற்றிச் சிறு குறிப்பு

சிங்கள எழுத்தை இப்போது தொட வேண்டாம். தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஆனால் தமிழ் எழுத்து எல்லா ஒலியையும் காட்டாது. 'எனக்கு' என்பதற்கான சிங்களச் சொல்லைப் பாருங்கள். அதில் 'ட' வன்மையாக ஒலிக்கும். 'மட' என்று எழுதி, 'படம்' என்பதில் வரும் 'ட' போல மென்மையாக வாசித்தால், அது சேறு என்ற வேறொரு சொல்லாகிவிடும். 'எனக்குக் குடிநீர் வேண்டும்' என்று கேட்கப் போய் 'சேறு குடிநீர்' என்று சொன்னது போலாகும். ஆகையால் வன்மையான ஒலி வரும் இடத்தில் எழுத்தை இரட்டித்து 'மட்ட' என எழுதியுள்ளோம். பட்டம், வட்டம் போல அழுத்த வேண்டாம். வன்மையாக, ஆனால் குறுக்கிச் சொல்லுங்கள். இரட்டிக்காத இடத்தில் மென்மை.

சொல்லின் முதல் எழுத்துக்கு இந்த உபாயம் உதவாது. தமிழைக் குறிக்கும் 'தெமள' என்ற சொல்லின் 'தெ', 'தேவன்' என்பதில் வரும் தகரம் போல. வீட்டைக் குறிக்கும் 'கெதர' என்பதன் 'கெ', 'கங்கை' என்பதில் வரும் ககரம் போல.

இன்னும் ஓர் ஒலி உண்டு. 'நே' (இல்லை), 'பே' (முடியாது), 'ரே' (இரவு) ஆகியவற்றில் வருவது நமது ஏகாரம் அல்ல. 'பேங்க்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வாய் அகலுமே, அந்த ஒலி. ஏகாரமாகச் சொன்னாலும் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். கவலைப்பட வேண்டாம்.

நாலு சொற்கள்

ஆயிரம் பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த நாலையும் கையாளத் தெரிவது மேல் என்பது என் அனுபவம்.

ஓனே – வேண்டும்
எப்பா – வேண்டாம்
புளுவன் – முடியும், இயலும்
பே – முடியாது, இயலாது

தமிழில் 'போக' என்ற சொல்லோடு வேண்டும், வேண்டாம், முடியும், முடியாது என்று சேர்க்கிறோம் அல்லவா? சிங்களமும் அப்படியே. 'யன்ன' என்பது 'போக'.

யன்ன ஓனே – போக வேண்டும்
யன்ன எப்பா – போக வேண்டாம், போகாதீர்கள்
யன்ன புளுவன் – போக முடியும்
யன்ன பே – போக முடியாது

'யன்ன' இருந்த இடத்தில் வேறு வினையை வையுங்கள். என்ன (வர), இன்ன (இருக்க), தென்ன (தர), கன்ன (எடுக்க), கியன்ன (சொல்ல), கியவன்ன (வாசிக்க), கரன்ன (செய்ய). எட்டு வினைகளை நாலு சொற்களோடு பெருக்கினால் முப்பத்திரண்டு. ஒரு பின்னேரத்தில் இவ்வளவையும் சொல்லத் தொடங்கிவிடலாம்.

இதே 'ன்ன' வடிவம் தனியே நின்றால் மரியாதையான ஏவல். 'தென்ன' என்றால் தாருங்கள், 'கியன்ன' என்றால் சொல்லுங்கள். முன்னால் 'மட்ட' சேர்த்தால் 'எனக்குத் தாருங்கள்'. சொல் ஒழுங்கும் தமிழைப் போன்றதே, வினை கடைசியில் வரும். கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் 'த' சேர்ப்பார்கள். 'யனவா' போகிறது, 'யனவத?' போகிறதா?

ஒரேயோர் இடத்தில் தமிழர் எல்லோரும் வழுக்குவோம். நமக்கு ஆளும் பொருளும் 'இருக்கு'. சிங்களத்தில் உயிருள்ளவை 'இன்னவா', உயிரற்றவை 'தியெனவா'. பான் தியெனவத? (பாண் இருக்கா?) தொஸ்தர மஹத்தயா இன்னவத? (டொக்டர் ஐயா இருக்கிறாரா?) மாற்றிச் சொன்னால் டொக்டரை அலுமாரியில் தேடுவது போல ஒலிக்கும். சிரிப்பார்கள், ஆனால் விளங்கிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

நீங்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. கடை அங்கே 'கடே', பெட்டி 'பெட்டிய', பாலம் 'பாலம', கூலி 'குலிய' (இது வாடகையையும் குறிக்கும்), முதலாளி 'முதலாலி'. பாண், அலுமாரி, மேசை, யன்னல், சப்பாத்து, துவாய் ஆகியவற்றை இரு மொழியினரும் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஆகவே அவற்றைச் சொன்னால் சற்றே மாறிய ஒலியில் அவர்களுக்கும் விளங்கும். நாம் 'பேசுகிறோம்' என்பதைவிடக் 'கதைக்கிறோம்' என்றே சொல்கிறோம். அவர்களும் 'கத்தா கரனவா' என்கிறார்கள்.

ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் 'எக்க' என்று சேர்த்தால் அது சிங்கள வழக்காகிவிடும். பஸ் எக்க, ஃபோன் எக்க, ஃபோம் எக்க, ஐடி எக்க. சொல் தெரியாமல் தடுமாறும் வேளையில் இது கைகொடுக்கும்.

முறைச்சொற்களில் அக்கா, அம்மா, மாமா ஒன்றுதான். தம்பிக்கு 'மல்லி', தங்கைக்கு 'நங்கி'. ஆனால் 'அய்யா' என்றால் அண்ணன். அலுவலரை 'ஐயா' என்று அழைக்க நினைத்தால் 'மஹத்தயா' என்று சொல்லுங்கள். பெண் அலுவலரை 'மிஸ்' என்று அழைப்பது பரவலான வழக்கம். 'தாத்தா' என்பது அப்பா. பிள்ளையின் தாத்தா வந்திருக்கிறாரா என்று தாதி கேட்டால் பாட்டனாரைத் தேடி ஓட வேண்டாம்.

'நீங்கள்' என்பதற்கு 'ஒயா' என்ற சொல் உண்டு. அதை அலுவலகத்தில் பாவிக்காதீர்கள், சற்று நெருக்கமான சொல் அது. 'உம்ப' என்பதை நண்பர்கள் தங்களுக்குள் சொல்வார்கள். முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டை வரும். மஹத்தயா, மிஸ், அக்கா, மல்லி என்று அழைத்துவிட்டால் 'நீங்கள்' தேவைப்படாது.

கேட்ட மாத்திரத்தில் கோபம் வரவைக்கும் சொல் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். வாசலில் நின்ற வயதான சிங்கள அலுவலர் என்னைப் பார்த்து, புன்னகையோடு, 'வாடி வென்ன' என்றார். என் முகம் சிவந்துவிட்டது. 'வாடி'யா? யாரைப் பார்த்து? அவரோ கதிரையைக் காட்டி மீண்டும் அதையே சொன்னார். 'வாடி வென்ன' என்றால் 'அமருங்கள்'. அதேபோல 'என்ன' என்று ஒருவர் கைகாட்டி அழைத்தால் அவர் கேள்வி கேட்கவில்லை, வாருங்கள் என்கிறார்.

பஸ்ஸிலும் சந்தையிலும்

மே பஸ் எக்க வவுனியாவ யனவத? – இந்த பஸ் வவுனியா போகுமா?
மெத்தன பஹினவா – இங்கே இறங்குகிறேன்
கீயத? – எவ்வளவு?
கொஹெத? – எங்கே?

நடத்துனர் கத்தும் ஊர்ப் பெயர் நமக்குத் தெரிந்த பெயர் போல ஒலிக்காது. யாழ்ப்பாணம் 'யாப்பனய', பேச்சில் 'யாப்பனே'. மன்னார் 'மன்னாரம'. முல்லைத்தீவு 'முலத்திவ்'. திருகோணமலை 'த்ரிக்குணாமலய'. மட்டக்களப்பு 'மடக்கலப்புவ'. ஆனையிறவு 'அலிமங்கட', அதில் 'அலி' என்பது யானைகள். பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் இருந்தாலும், இருட்டில் ஓடும் பஸ்ஸில் காதுதான் உதவும்.

எண்கள்: எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய, ஹத்த, அட்ட, நவய, தஹய. இருபது 'விஸ்ஸ', ஐம்பது 'பனஹ', நூறு 'சீய', ஆயிரம் 'தாஹ'. நாலும் ஏழும் (ஹத்தர, ஹத்த) புதியவர் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஐந்தும் ஐம்பதும் (பஹ, பனஹ) அப்படியே. காசு விடயத்தில் ஊகிக்க வேண்டாம். 'லியலா தென்ன', எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் எண்ணை அழுத்திக் காட்டுவார்கள்.

சோதனை நிலையத்தில் பெரும்பாலும் இரண்டு வசனங்கள்தாம் வரும். 'ஐடி எக்க பென்னன்ன' (அடையாள அட்டையைக் காட்டுங்கள்), 'கொஹெத யன்னே?' (எங்கே போகிறீர்கள்?). 'கெதர யனவா' என்றால் வீட்டுக்குப் போகிறேன்.

சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் எந்த மொழியும் தேவையில்லை. ஆனால் யாராவது 'பிம்போம்ப' என்றோ 'யன்ன எப்பா' என்றோ கத்தினால், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். முதலாவது மிதிவெடி, இரண்டாவது போகாதீர்கள்.

வைத்தியசாலையில்

பேச்சில் 'இஸ்பிரித்தாலே' என்பார்கள், பலகையில் 'ரோஹல' என்று இருக்கும். நோயைச் சொல்ல நீண்ட வசனம் வேண்டாம். நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டி 'மெத்தன ரிதெனவா' (இங்கே நோகிறது) என்றால் போதும்.

ளமயாட்ட உண – பிள்ளைக்குக் காய்ச்சல்
தவஸ் தெக்கக் திஸ்ஸே – இரண்டு நாளாக
வமனே யனவா – சத்தி எடுக்கிறது
ஹுஸ்ம கன்ன அமாருய் – மூச்சு எடுக்கக் கஷ்டம்

இதில் கடைசி வசனத்தை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வையுங்கள்.

மருந்து தரும்போது கேட்க வேண்டிய சொற்கள் ஐந்து. உதே (காலை), தவல் (மத்தியானம்), ரே (இரவு), கேமட்ட கலின் (சாப்பாட்டுக்கு முன்), கேமட்ட பஸ்ஸே (சாப்பாட்டுக்குப் பின்). மருந்து 'பேத்'. ஒவ்வொரு பைக்கற்றையும் கையில் எடுத்து, 'மேக்க கேமட்ட கலின்த? பஸ்ஸேத?' என்று நீங்களே திருப்பிக் கேளுங்கள். பதிலை அங்கேயே பைக்கற்றின் மேல் தமிழில் எழுதுங்கள். என் அம்மா இப்போது பேனை இல்லாமல் கிளினிக்குப் போவதில்லை.

கையொப்பம் கேட்கும் இடத்தில்

பிரதேச செயலகமோ, பொலிஸ் நிலையமோ, வங்கியோ, ஒரு தாளை நீட்டி 'மேக்கட்ட அத்ஸன் கரன்ன' என்றால், இதில் கையொப்பம் வையுங்கள் என்று பொருள். இந்த உரையாடலை வீட்டில் இருவராக நடித்துப் பழகுங்கள்.

நீங்கள்: மஹத்தயா, மட்ட சிங்ஹல டிக்கக் புளுவன். தெமள கத்தா கரன கெனெக் இன்னவத? (எனக்குக் கொஞ்சம் சிங்களம் முடியும். தமிழ் கதைக்கும் ஒருவர் இருக்கிறாரா?)
அலுவலர்: நே. மேக்கட்ட அத்ஸன் கரன்ன.
நீங்கள்: மட்ட மேக்க கியவன்ன பே. தெமளென் லியலா தென்ன. (என்னால் இதை வாசிக்க முடியாது. தமிழில் எழுதித் தாருங்கள்.)
அலுவலர்: ஹெட்ட என்ன. (நாளைக்கு வாருங்கள்.)
நீங்கள்: ஹரி மஹத்தயா. ஹெட்ட என்னம். ஸ்துத்தி. (சரி ஐயா. நாளைக்கு வருகிறேன். நன்றி.)

'ஹெட்ட என்ன' என்ற வசனத்தை நாங்கள் கற்பிக்கத் தேவையில்லை, அலுவலகங்களே கற்பித்துவிடும். நாளைக்கு மீண்டும் வருவது அலுப்புத்தான். பஸ் காசும் போகும், ஒருநாள் கூலியும் போகும். அப்படியிருந்தும், விளங்காத தாளில் வைத்த கையொப்பத்தை மீளப் பெறுவது அதைவிடப் பல மடங்கு அலைச்சல். அவசரமென்றால், 'கியவலா தேரும் கரலா தென்ன' (வாசித்து விளங்கப்படுத்தித் தாருங்கள்) என்று கேளுங்கள். நம்பிக்கையான ஒருவர் தமிழில் சொல்லிய பிறகு முடிவெடுக்கலாம். கையொப்பம் வைத்தால் 'பிட்டப்பத்தக் தென்ன', ஒரு பிரதி தாருங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

காணி அலுவலில் ஒரு பொறி இருக்கிறது. காணிக்குச் சிங்களத்தில் 'இடம'. நமது 'இடம்' என்ற சொல்தான், எளிதாக நினைவில் நிற்கும். ஆனால் 'ஒப்புவ' என்றதும் நமக்கு 'ஒப்பம்' நினைவுக்கு வரும், கையொப்பத்தைக் கேட்கிறார்கள் என்று எண்ணுவோம். 'ஒப்புவ' என்பது காணி உறுதி. 'ஒப்புவ தியெனவத?' என்றால் 'உறுதி இருக்கிறதா?'

இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்த ஒருவர் இதற்கு 'நே' என்று சொல்லிவிட்டால், இந்தக் காணிக்கு உறுதியே இல்லை என்று எழுதப்படக்கூடும். அவர் சொல்ல வேண்டியது 'ஒப்புவ நெத்தி வுணா', உறுதி தொலைந்துவிட்டது என்பதாகும் ('நெ' என்பதை வாய் அகலச் சொல்லுங்கள்). இல்லாதது வேறு, தொலைந்தது வேறு. பதியப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழியுண்டு. அந்த வழி திறந்திருக்க வேண்டுமானால் விண்ணப்பத்தில் 'தொலைந்தது' என்றே பதிவாக வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பாடசாலையில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள், நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களிடம் கேட்டுப் படியுங்கள், உச்சரிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். ஆனால் பொலிஸ் நிலையத்துக்கோ, உங்கள் நோயைச் சொல்லும் இடத்துக்கோ பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். பெரியவர்களின் துயரத்தை வாயால் சொல்லும் பாரம் அதற்கு வேண்டாம். தவறாகச் சொல்லிவிட்டால் அந்தப் பழியும் அதன் தலையில் விழும். கிராம அலுவலரிடமோ எங்கள் கள அலுவலரிடமோ முன்கூட்டியே சொன்னால் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை ஒழுங்கு செய்யலாம்.

தமிழில் பதில் தர மறுக்கும் அரச நிறுவனம் பற்றி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் தமிழிலேயே எழுத்தில் முறையிடலாம். அது 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. எந்த அலுவலை எந்த அலுவலகத்தில் செய்வது என்று தெரியாவிட்டால் 1919 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அரசாங்கத் தகவல் நிலையம் மூன்று மொழிகளிலும் பதில் தரும்.

பயிற்சி

ஒரு சிறு கடதாசி அட்டையில் இந்த மூன்றையும் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

மட்ட தேரென்னே நே. ஹெமின் கியன்ன. (விளங்கவில்லை. ஆறுதலாகச் சொல்லுங்கள்.)
தெமள கத்தா கரன கெனெக் இன்னவத?
மட்ட மேக்க கியவன்ன பே. தெமளென் லியலா தென்ன.

இனி, மேலே பார்க்காமல் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. எனக்கு மருந்து வேண்டும்.
2. இந்த பஸ் மன்னார் போகுமா?
3. டொக்டர் ஐயா இருக்கிறாரா?
4. என்னால் கையொப்பம் வைக்க முடியாது.
5. உறுதி தொலைந்துவிட்டது.

விடைகள்: 1. மட்ட பேத் ஓனே. 2. மே பஸ் எக்க மன்னாரம யனவத? 3. தொஸ்தர மஹத்தயா இன்னவத? 4. மட்ட அத்ஸன் கரன்ன பே. 5. ஒப்புவ நெத்தி வுணா.

மூன்றாம் கேள்விக்குத் 'தியெனவத' என்று சொல்லியிருந்தால், 'நாலு சொற்கள்' பகுதியை இன்னொருமுறை வாசியுங்கள்.